வெள்ளி பின்னேரத்துக்கும் திங்கள் காலைக்கும் இடையில் எத்தனை நாள்?

திருகோணமலையில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு, விண்ணப்பங்கள் மேசைக்கு மேசை நகர்வதைப் பதிவு செய்யும் பணிப்பாய்வு மென்பொருளொன்றை நான் அமைத்துக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தபோது, அதன் முதலாவது தாமத அறிக்கை அச்சாகி வெளிவந்தது. எந்த விண்ணப்பம் எவருடைய மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைக் காட்டும் அந்த அறிக்கையில், இரண்டு நாளுக்கு மேல் தங்கியவை எல்லாம் சிவப்பு நிறத்தில் இருந்தன. அந்தச் சிவப்பு வரிகளில் மிகக் கூடுதலாக இடம்பெற்றிருந்தது, அங்கே வேலையை ஒருபோதும் தேங்கவிடாதவர் என்று எல்லோரும் சொல்லும் ஓர் அக்காவின் பெயர்.

அடுத்த நாள் நான் போனபோது அவர் கோபப்படவில்லை. கணினி வந்த பிறகும் கைவிடாமல் எழுதிவரும் நீளமான பதிவேட்டைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, இது வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் என்ர மேசைக்கு வந்தது. திங்கக்கிழமை வந்து தேத்தண்ணி குடிக்க முதல் முடிச்சிட்டன். இதில என்னெண்டு மூண்டு நாள் காட்டுது?”

பதிவேட்டில் திகதியோடு நேரமும் இருந்தது. வெள்ளி பிற்பகல் 3.40க்குப் பெறப்பட்டது, திங்கள் காலை 9.10க்கு அனுப்பப்பட்டது. மென்பொருளின் தரவுத்தளத்திலும் அதே நேரங்கள்தான் இருந்தன. தரவில் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதிய கணக்கில்தான் பிழை இருந்தது, அதுவும் கழித்தலில் அல்ல. அந்த ஒரே வரியை வைத்துக்கொண்டு அன்று மாலை உப்புவெளியில் வீட்டில் இருந்து நான் போட்ட கணக்குகளைத்தான் இங்கே எழுதுகிறேன்; பணிப்பாய்வு மென்பொருளில் இரண்டு திகதிகளுக்கு இடையிலான காலத்தைக் கணக்கிட வேண்டிய எவருக்கும் இது ஏதோ ஒரு நாளில் உதவக்கூடும்.

முதலில் நான் எழுதியிருந்ததைச் சொல்கிறேன். தரவுத்தளம் மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேவர் என்பதால், அதில் உள்ள ‘டேட்டிஃப்’ என்ற செயற்கூறுக்கு (கொடுப்பதை வைத்துக் கணக்குப் போட்டு விடை தரும் ஆயத்தக் கட்டளை அது) இரண்டு நேரங்களையும் கொடுத்து, அலகு நாள் என்று சொல்லி, வந்த எண்ணை அப்படியே அறிக்கையில் போட்டிருந்தேன். அந்தச் செயற்கூறு கடந்த காலத்தை அளப்பதில்லை. இரண்டு நேரங்களுக்கும் இடையில் எத்தனை நள்ளிரவுகள் கடந்தன என்பதையே எண்ணுகிறது. வெள்ளி நள்ளிரவு, சனி நள்ளிரவு, ஞாயிறு நள்ளிரவு என்று மூன்று கடந்ததால் விடை 3 ஆனது. இதே செயற்கூறிடம் டிசம்பர் 31 இரவு 11.59ஐயும் இரண்டு நிமிடம் கழித்து வரும் ஜனவரி 1 அதிகாலை 12.01ஐயும் கொடுத்து, அலகு வருடம் என்று சொன்னால், ஒரு வருடம் கடந்துவிட்டதாக விடை வரும். இது குறைபாடு அல்ல, அது அப்படித்தான் வேலை செய்யும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நான்தான் பெயரைப் பார்த்துப் பொருளை ஊகித்துக்கொண்டேன். மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தில் ‘டைம்ஸ்டாம்ப்டிஃப்’ என்பது முழுமையாகக் கடந்த அலகுகளை மட்டுமே எண்ணும் என்பதால், அதே இரண்டு நேரங்களுக்கு அங்கே விடை 2 ஆக இருந்திருக்கும்.

உண்மையில் கடந்த காலம் எவ்வளவு என்று பார்த்தால், வெள்ளி 3.40இலிருந்து திங்கள் 9.10 வரை அறுபத்தைந்தரை மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ 2.73 நாள். இதையே நான் மைக்ரோசொஃப்டின் பணிப்பாய்வுக் கருவியான பவர் ஆட்டோமேட்டில் அமைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஓட்டிப் பார்த்தேன். அங்கே பலரும் பயன்படுத்தும் வழி, இரண்டு நேரங்களையும் ‘டிக்’ எண்ணிக்கையாக மாற்றிக் கழித்து, ஒரு நாளுக்குரிய டிக் எண்ணிக்கையால் வகுப்பது. கி.பி. 1ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து எண்ணப்படும் இந்த டிக் ஒவ்வொன்றும் 100 நனோ செக்கன். ஆங்கிலத்தில் பூச்சியங்களை எண்ணி எண்ணிக் களைத்துப்போகும் அந்த வகுஎண், நம் கணக்கில் மிக அழகாக அமைகிறது: ஒரு செக்கனுக்கு ஒரு கோடி டிக், ஒரு நாளுக்கு 86,400 செக்கன், ஆகவே ஒரு நாளுக்கு 86,400 கோடி டிக். ஆனால் அந்த மென்பொருளில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி உதிர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2.73 நாள் 2 நாள் ஆகிவிடும். இரண்டு நாளும் இருபத்து மூன்று மணித்தியாலமும் ஐம்பத்தொன்பது நிமிடமும் கூட 2 நாள்தான். அக்காவின் விண்ணப்பம் அந்த மென்பொருளில் சிவப்பாகியிருக்காது. ஒரே வேலை, ஒரே நேரங்கள், ஒரு கருவியில் குற்றவாளி, மற்றதில் நிரபராதி.

பிறகு எக்செல். எக்செல் திகதியை ஒரு வரிசை எண்ணாகவும் நேரத்தை அந்த எண்ணின் பின்னமாகவும் வைத்திருப்பதால், கழித்தல் எளிது. நண்பகல் என்பது அரை, மாலை ஆறு மணி என்பது முக்கால். (1900ஆம் ஆண்டு பெப்ரவரியில் 29ஆம் நாள் ஒன்று இருந்ததாக எக்செல் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது, லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட பிழை அது.) வார இறுதியைத் தவிர்த்து வேலை நாட்களை எண்ணுவதற்கு அங்கே ‘நெட்வேர்க்டேய்ஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்கு வெள்ளியையும் திங்களையும் கொடுத்தால் 2 என்கிறது. பரவாயில்லை என்று நினைத்து, ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போன விண்ணப்பத்தைக் கொடுத்தேன். 1 என்றது. அதாவது, தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் அது சேர்த்தே எண்ணுகிறது.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை, நாமும் அப்படித்தான் எண்ணுகிறோம். அம்மம்மா இறந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் திகதி பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் இறந்த திகதியோடு 31ஐக் கூட்டி ஒரு நாளைச் சொன்னேன். பெரியம்மா விரல் விட்டு எண்ணி அதற்கு முதல் நாளைச் சொன்னார். இறந்த நாளே முதலாம் நாள் என்பதால் கூட்ட வேண்டியது முப்பதுதான். கையை விரித்துப் பார்த்தால் விரல்கள் ஐந்து, இடுக்குகள் நான்கு. வீட்டில் பெரியவர்கள் விரல்களை எண்ணுகிறார்கள், கழித்தல் குறியோ இடுக்குகளைத்தான் எண்ணுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று விரல்களை எண்ணினால் அக்காவின் மேசையில் அந்த விண்ணப்பம் நான்கு நாள் கிடந்தது என்றும் ஒருவர் சொல்லலாம், அதையும் பிழை என்று தள்ளிவிட முடியாது.

ஆக 2, 3, 4 என்று மூன்று விடைகள் கையில் இருந்தன. அந்த அலுவலகம் உண்மையில் கேட்ட கேள்விக்கு இவற்றில் ஒன்றும் விடை அல்ல. அவர்கள் கேட்டது, வேலை செய்ய வேண்டிய நேரத்தில் எவ்வளவு நேரம் இந்த விண்ணப்பம் கவனிக்கப்படாமல் இருந்தது என்பதை. அலுவலக நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை, அதாவது ஏழே முக்கால் மணித்தியாலம், 465 நிமிடம். வெள்ளியன்று 3.40இலிருந்து 4.15 வரை 35 நிமிடம். திங்களன்று 8.30இலிருந்து 9.10 வரை 40 நிமிடம். மொத்தம் 75 நிமிடம். மூன்று நாள் தாமதம் என்று சிவப்பில் அச்சிடப்பட்ட வேலை ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்திருக்கிறது. வெள்ளி பின்னேரம் வரும் விண்ணப்பங்களைத் தட்டிக்கழிக்காமல் வாங்கி வைப்பவர் அந்த அக்காதான் என்பதால், என் கணக்கு அவரைத்தான் தேடிப்பிடித்துத் தண்டித்திருந்தது. புதன் காலையில் வாங்கியதை வியாழன் வரை இழுத்தடித்து, வெள்ளி காலையில் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுபவர்களை அது தொடவே இல்லை.

புதிய கணக்கை எழுதுவது கடினமாக இருக்கவில்லை. தொடக்க நேரம் அலுவலகம் திறப்பதற்கு முன்னால் என்றால் அதை 8.30க்குத் தள்ள வேண்டும்; மூடிய பிறகு என்றால் அடுத்த வேலை நாளின் 8.30க்குத் தள்ள வேண்டும்; முடிவு நேரத்தையும் அதேபோல் அலுவலக நேரத்துக்குள் அடக்க வேண்டும்; இடையில் வரும் முழு வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் 465 நிமிடத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் எல்லை என்பது 930 நிமிடம் ஆகிறது. சனிக்கிழமை யாராவது வந்து, வெள்ளி மாலை மூடிய பிறகு சேர்ந்த விண்ணப்பத்தை முடித்துவிட்டால், தள்ளப்பட்ட தொடக்கம் முடிவுக்குப் பின்னால் போய்விடும். அங்கே எதிர்மறை எண் வராமல் பூச்சியம் என்று நிறுத்த வேண்டும். மதிய உணவு நேரத்தைக் கழிப்பதா, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் செல்வோரின் நேரத்தைக் கழிப்பதா என்ற பேச்சும் எழுந்தது. கழிக்க வேண்டாம் என்று நான் வாதாடினேன். அந்த வழியில் இறங்கினால் தேத்தண்ணி நேரத்தையும் கழிக்க வேண்டி வரும் என்பதோடு, எல்லையை வைப்பதே ஆளைப் பிடிப்பதற்கு அல்ல, தேங்கிய விண்ணப்பத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

கடினமாக இருந்தது விடுமுறைதான். சனி, ஞாயிறை எந்த மென்பொருளும் அறியும். பூரணை தினத்தில் வரும் பௌத்த விடுமுறையான போயாவை இந்தச் செயற்கூறுகள் எதுவும் அறியாது. ஏறத்தாழ மாதம் ஒரு தடவை, வாரத்தின் எந்த நாளிலும் வந்து விழக்கூடிய ஒரு பொது விடுமுறையை எளிய சூத்திரம் ஒன்றில் அடக்க முடியாது. வர்த்தமானியில் வரும் பட்டியலைப் பார்த்து அட்டவணையில் கையால் உள்ளிடுவதே வழி. 2024ஆம் ஆண்டு வெசாக் போயா மே 23, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளியும் விடுமுறை. புதன் பிற்பகல் 3 மணிக்கு வந்த விண்ணப்பத்தை அடுத்த திங்கள் காலை 10 மணிக்கு முடித்தவருக்கு, நள்ளிரவுகளை எண்ணினால் 5 நாள், விடுமுறைப் பட்டியல் கொடுக்காத எக்செல்லில் 4 நாள், பட்டியல் கொடுத்தால் 2 நாள், அலுவலக நிமிடங்களாக எண்ணினால் 165 நிமிடம். தைப்பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், நத்தார் எல்லாம் இதே அட்டவணைக்குள் வர வேண்டும். பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை இருப்பதால், எந்த அலுவலகத்துக்கு எது பொருந்தும் என்பதற்கு அந்த அட்டவணையில் ஒரு நிரலும் தேவை.

வேலை வாரம் என்பது மாறாத ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்களே வாராந்த ஓய்வு நாட்களாக இருந்தன. சந்திரன் ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படாததால் வாரங்கள் எல்லாம் ஏழு நாளாக அமையவும் இல்லை. 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தோடு ஞாயிறு திரும்பி வந்தது, பூரணைப் போயா தினம் தனி விடுமுறையாக நிலைத்தது. அந்த ஐந்தாண்டுகளின் கோப்புகளுக்கு யாராவது வேலை நாள் கணக்குப் பார்க்கச் சொன்னால், எந்தச் செயற்கூறும் உதவாது.

எல்லாக் காலத்தையும் அலுவலக நிமிடமாக எண்ணுவதும் பிழைதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கோரிக்கைக்குத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுக்க வேண்டும். ஆனால் கோரப்படும் தகவல் அதைக் கோரும் பிரஜையின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடையது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். முதலாவது காலம் போயாவுக்கு நின்று போகும். இரண்டாவது அப்படி நிற்கக் கூடியதாக எழுதப்படவில்லை, மணிக்கூட்டோடு ஓடுகிறது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு வகைக் கடிகாரம். ஆகவே, பணிப்பாய்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லை எவ்வளவு என்பதோடு, அந்த எல்லை எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சேமிக்கும்படி இப்போது அமைத்திருக்கிறேன்.

அறிக்கை ஓரளவு சரியான பிறகு இன்னொரு முறைப்பாடு வந்தது. கொட்டியாரக்குடாவில் தொழில் செய்யும் ஒருவர், கடலால் வந்து கரையேறிய கையோடு அதிகாலை 4.50க்குத் தொலைபேசியில் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். அவருக்குப் போன பற்றுச்சீட்டில் முதல் நாள் திகதி இருந்தது. காரணம் எளியது: மென்பொருள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, நாம் அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம், ஆகவே நமது 4.50 அங்கே முதல் நாள் இரவு 11.20. இரண்டு நேரங்களும் உலகப் பொது நேரத்தில் இருந்தால் கழித்தலுக்குப் பாதிப்பு இல்லை. நேரத்தை வெட்டிவிட்டுத் திகதியை மட்டும் எடுக்கும் இடத்தில்தான் ஒரு நாள் நழுவுகிறது. முதலில் இலங்கை நேரத்துக்கு மாற்றி, பிறகு வெட்ட வேண்டும். நான் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு மாற்றியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் இதே பொறி வேறு வடிவத்தில் இருக்கிறது. வருடம், மாதம், நாள் மட்டும் எழுதப்பட்ட திகதியை அது உலகப் பொது நேரமாக வாசிக்கும். அதோடு நேரத்தையும் சேர்த்து எழுதினால், கணினி இருக்கும் இடத்தின் நேரமாக வாசிக்கும். ஒன்றை அப்படியும் மற்றதை இப்படியும் எழுதிக் கழித்தால், விடையில் ஐந்தரை மணித்தியாலம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஐந்தரையையும் எண்ணாக எழுதிவிடக் கூடாது. மின்சார நெருக்கடி காரணமாக 1996 மே 25 அன்று நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னால் இழுக்கப்பட்டு, ஆறு மணித்தியால வித்தியாசத்தில் 2006 ஏப்ரல் 15 வரை ஓடின. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே புழங்கியது. ‘பழைய நேரமோ, புதிய நேரமோ’ என்று கேட்டுக்கொண்டுதான் அந்தக் காலத்தில் எதற்கும் நேரம் குறிப்போம். அந்தக் கேள்வியை மென்பொருளிடம் கேட்க நான் மறந்துவிட்டேன். விளைவு பிறந்த திகதிகளில் தெரிந்தது. 2001 மார்ச் 10 அன்று பிறந்த ஒருவரின் திகதி, அன்றைய நள்ளிரவாக, ஆறு மணித்தியால வித்தியாசத்தோடு மாற்றப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்தது. அதை நான் ஐந்தரையைக் கூட்டித் திருப்பி வாசித்தபோது மார்ச் 9 இரவு 11.30 என்று வந்து, பிறந்தநாள் ஒரு நாள் பின்னால் போய்விட்டது. அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் இப்படி நடந்ததால் காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன. எண்ணுக்குப் பதிலாக ‘ஆசியா/கொழும்பு’ என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால், அந்த வரலாறு முழுவதையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பிறந்த திகதியை நேரமே இல்லாத திகதியாகச் சேமிப்பது அதைவிடச் சிறந்தது.

நினைவூட்டல் அனுப்பும் நேரக்கணிப்பானிலும் ஒரு தடவை வழுக்கினேன். பல பணிப்பாய்வு மென்பொருள்கள் கால அளவை ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர முறையில் எழுதச் சொல்கின்றன. அதில் ‘பீ 1 எம்’ என்றால் ஒரு மாதம், இடையில் ஒரு ‘டீ’ சேர்ந்து ‘பீ டீ 1 எம்’ என்றால் ஒரு நிமிடம். ஒரு மாதம் கழித்துப் போக வேண்டிய நினைவூட்டல், விண்ணப்பம் வந்து ஒரு நிமிடத்தில் மேலதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, எந்த இரண்டு நேரங்களைக் கழிக்கிறோம் என்பதில் இருந்தது. தொடக்கத்தில் நான் பயன்படுத்தியவை, பதிவு உருவாக்கப்பட்ட நேரமும் கடைசியாக மாற்றப்பட்ட நேரமும். முடிந்துபோன விண்ணப்பத்தில் எவராவது ஒரு தொலைபேசி இலக்கத்தைத் திருத்தினால்கூட மாற்றப்பட்ட நேரம் நகர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் முடிந்த வேலைக்கு இன்று தாமதம் ஏறும். இப்போது ஒவ்வொரு மேசையும் பெற்ற நேரமும் விட்ட நேரமும் தனி அட்டவணையில் எழுதப்படுகின்றன, எழுதியதை ஒருவரும் திருத்த முடியாது. விண்ணப்பதாரரிடம் ஏதாவது ஆவணம் குறைகிறது என்று கடிதம் போனால், கடிகாரம் அந்த மேசையில் நின்று அவர் பெயரில் ஓடத் தொடங்கும். புல்மோட்டையிலிருந்தும் வெருகலிலிருந்தும் வேலையை விட்டு, பஸ் ஏறி ஒரு நிழற்பிரதியைக் கொண்டுவர ஒருவருக்கு எடுக்கும் நாட்களை உத்தியோகத்தரின் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. அறிக்கையிலிருந்து அந்த நாட்களை நீக்கிவிடவும் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதால், அதற்கென்று ஒரு நிரல் இருக்கிறது. சில விண்ணப்பங்களில் அந்த நிரல் மற்ற எல்லாவற்றையும் விட நீளமாக இருப்பதைப் பார்த்து, ஆவணப் பட்டியலையே முதல் நாளில் கையில் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அக்காவின் பெயர் இப்போது சிவப்பில் வருவதில்லை, ஒரு மாதம் மட்டும் ஒரு வரி வந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்து, “அது சரி தம்பி, அது நான் மறந்துபோய் லாச்சியில வச்சது” என்றார். அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியலை நவம்பர் முடிவதற்குள் உள்ளிட்டுத் தரும்படியும் அவரே நினைவூட்டினார். டிசம்பர் கடைசி வாரத்தில் வரும் விண்ணப்பத்தின் எல்லை ஜனவரிக்குள் விழும்போது, அங்கே பொங்கலும் போயாவும் ஏற்கனவே இருக்க வேண்டும். இந்த வார இறுதியில் வர்த்தமானிப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் உள்ளிட, அவர் தன் நாட்காட்டியைப் பார்த்துச் சரிபார்ப்பதாக ஏற்பாடு.